பரோலோவும் பாதிரியாரும்

மதுவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போகிறேன் என்று வீட்டில் சொன்னதும், காபி டம்ளர் மேஜைமேல் சற்று அழுத்தமாகவே வைக்கப்பட்டது. குடிப்பது வேறு, எழுதுவது வேறு என்று விளக்கிப் பார்த்தேன். "ருசி தெரியாமல் எப்படி எழுதுவீர்கள்?" என்று கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான். ருசி பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என்னை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனவர்கள் இரண்டு நாவலாசிரியர்கள். ஒருவர் செசாரே பவேசே, மற்றவர் பெப்பே பெனோலியோ. இருவரும் இத்தாலியின் வடமேற்கு மூலையில், பியமோன்தே பிரதேசத்தில், லாங்கே என்ற குன்றுகளில் பிறந்தவர்கள். பெனோலியோ ஆல்பா நகரத்து ஒயின் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே கதை எழுதியவர். 1954-இல் வெளிவந்த 'லா மலோரா' என்ற அவருடைய நாவலில், ஏழைக் குடியானவன் ஒருவன் தன் மகனை வேறொரு பண்ணைக்கு ஆளாக அனுப்பிவிடுகிறான். வயிற்றுக்கில்லாத வீட்டில் ஒரு வாய் குறைந்தால் லாபம் அல்லவா? அதே குன்றுகளின் ஒயின் இன்று உலகத்துச் சீமான்களின் மேஜையில் இருக்கிறது. நல்ல சரிவில் ஒரு ஹெக்டேர் தோட்டம் பத்து லட்சம் யூரோவுக்கு மேல் போகிறது. நடுவில் என்னதான் நடந்தது? இந்தக் கேள்வியோடு ஓர் அக்டோபர் மாதம் ஆல்பாவில் போய் இறங்கினேன். துரின் நகரத்தில் என்ஜினீயரிங் படிக்கும் சிநேகிதர் மகன் மொழிபெயர்க்கக் கூட வந்தான்.

பியமோன்தே என்றால் மலையின் அடிவாரம் என்று அர்த்தம். தூரத்தில் வரிசையாக ஆல்ப்ஸ் மலை. கிட்டத்தில் தனாரோ ஆறு. ஆல்பாவைத் தாண்டினால் குன்றுக்குப் பின் குன்று. உச்சியில் ஒரு மாதா கோயில் மணிக்கூண்டு, ஒட்டினாற்போல் சில வீடுகள், சரிவெல்லாம் படிய வாரிய தலையைப் போல வரிசை பிசகாத திராட்சைக் கொடிகள். 2014-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. ஆனால் காலையில் ஜன்னலைத் திறந்தால் பாரம்பரியமும் தெரியாது, பக்கத்து வீடும் தெரியாது. அவ்வளவு மூடுபனி. அவர்கள் பாஷையில் அதற்கு 'நெபியா' என்று பேர். அங்கே ராஜாவாக விளங்கும் திராட்சையின் பேர் நெபியோலோ. பனிக்காலத் தொடக்கத்தில் பழுப்பதால் வந்த பேர் என்று ஒரு கட்சி. பழத்தின்மேல் படியும் வெண்பூச்சால் வந்தது என்று மறு கட்சி.

இந்த நெபியோலோ செல்லம் கொடுத்துக் கெட்ட பிள்ளை. எல்லாவற்றுக்கும் முன்னால் துளிர்க்கும், எல்லாவற்றுக்கும் கடைசியில் பழுக்கும். தெற்கு பார்த்த சரிவு இல்லாவிட்டால் முகம் கோணும். குளிர்காலத்தில் எந்தச் சரிவில் முதலில் பனி உருகுகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, அங்கே இதை நடுவார்களாம். முன்பெல்லாம் பத்து வருஷத்தில் இரண்டு மூன்று வருஷம்தான் நன்றாகப் பழுக்கும். இப்போது பூமி சூடேறிவிட்டதால் பல வருஷங்களில் செப்டம்பரிலேயே பறிப்புத் தொடங்கிவிடுகிறது.

ஆல்பாவுக்குத் தென்மேற்கே பதினொரு கிராமங்களில் விளையும் நெபியோலோ, பரோலோ ஆகிறது. வடகிழக்கே விளைவது பார்பரெஸ்கோ. பழம் ஒன்று, பேர் இரண்டு. பரோலோவுக்குள்ளேயே லா மோர்ரா கிராமத்து மண்ணில் விளைந்தது சீக்கிரம் இளகும்; செர்ரலுங்கா கிராமத்து ஒயின் வருஷக்கணக்கில் முறைத்துக்கொண்டு நிற்கும்.

கிண்ணத்தில் ஊற்றியதும் ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு பேர் பெற்ற ஒயின் கறுத்துச் சிவந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். அதுவோ வெளிறிய மாதுளை நிறம், ஓரத்தில் செங்கல் சாயல். ஆனால் வாயில் வைத்ததும் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடிப்புக்கு மேல்நாட்டுக்காரர்கள் என்னென்னவோ சொல்லித் தவிக்கிறார்கள். அறுசுவை சொன்ன நமக்கு ஒரே சொல் போதும்: துவர்ப்பு. கொட்டைப்பாக்கும் நாவற்பழமும் தெரிந்த நாக்குக்கு பரோலோ அந்நியம் இல்லை. துவர்ப்புக்குப் பின்னால் மெல்ல ரோஜா வாசனை. அதற்கும் பின்னால், நம்பினால் நம்புங்கள், ரோடு போடும் தாரின் வாசனை.

மற்ற ஒயின்களும் உண்டு. புளிப்புத் தூக்கலான பார்பேரா அன்றாடச் சாப்பாட்டுக்கு. டோல்செட்டோ என்றால் 'சின்ன இனிப்பு'. பெயரில்தான் இனிப்பு, ஒயினில் கிடையாது. பவேசேயின் ஊர்ப்பக்கத்து மொஸ்காட்டோ நிஜமாகவே இனிக்கும்; சாராயச் சத்து ஐந்து சதவீதத்தை ஒட்டித்தான். லேசாக நுரைக்கும். நான் அதிகம் குடித்தது இதைத்தான் என்றால் ரசிகர்கள் என்னைச் சீ என்பார்கள்.

பரோலோவைப் பறித்த மறு வருஷமே விற்க முடியாது. முப்பத்தெட்டு மாதம் காத்திருக்க வேண்டும், அதில் பதினெட்டு மாதம் மரப் பீப்பாயில் என்பது சட்டம். 'ரிசெர்வா' என்று போட வேண்டுமானால் 62 மாதம். பார்பரெஸ்கோவுக்கு 26. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று நாம் சொல்லுகிறோம். ஆனால் பூமி இருந்தும் பொறுக்க முடியாதவன் கதை என்ன? அறுத்த அன்றே களத்துமேட்டில் நெல்லை அளந்து கொடுத்துவிடும் நம் ஊர்க் குடியானவனைப் போலத்தான் லாங்கே குடியானவனும் இருந்தான். பழத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆல்பா சந்தைக்குப் போவான். வியாபாரி அவசரப்படமாட்டான். வெயில் ஏறப் பழம் கசியும், விலை இறங்கும். பறித்த பழத்துக்குப் பொறுமை கிடையாது. பீப்பாய்க்கும் நிலவறைக்கும் சொந்தக்காரனுக்குத்தான் உண்டு.

நான் பார்த்த பெரியவர் ஒருவருக்கு வயது தொண்ணூறை நெருங்குகிறது. "உங்கள் பாட்டனார் பரோலோ குடிப்பாரா என்று கேளப்பா" என்றேன். பையன் கேட்டான். பெரியவர் சிரித்தார். "பிழிந்த சக்கையில் தண்ணீர் விட்டுப் பிசைந்து குடிப்பாராம், மாமா. பரோலோ விற்கிறதற்காம்" என்றான் பையன். நம் நீராகாரம் ஞாபகம் வந்தது.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர்களைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஆல்பாவில் ஒயின் கலாசாலைத் தலைவராக இருந்த தோமித்சியோ கவாத்சா 1894-இல் பார்பரெஸ்கோ கிராமத்தில் சிறு குடியானவர்களைச் சேர்த்து ஒரு கூட்டுறவு தொடங்கினார். பாசிஸ்டுகள் காலத்தில், 1920-களில் அது மூடப்பட்டது. 1958-இல் அதே ஊர்ப் பாதிரியார் டான் பியோரினோ மரெங்கோ பத்தொன்பது குடும்பங்களை மறுபடி ஒன்று சேர்த்தார். பிள்ளைகள் ஆலைவேலை தேடிக் குன்றைவிட்டு இறங்கிக்கொண்டிருந்த காலம். பிரார்த்தனையால் மட்டும் அவர்களை நிறுத்த முடியாது என்று பாதிரியாருக்குத் தெரிந்திருக்கிறது. முதல் மூன்று வருஷ ஒயினை மாதா கோயிலின் நிலவறையிலேயே செய்தார்கள்! அங்கத்தினர் தம் நெபியோலோ முழுவதையும் சங்கத்துக்கே கொடுக்க வேண்டும். நல்ல பழத்துக்கு நல்ல விலை. தனி ஆளால் காத்திருக்க முடியாத மாதங்களை ஊரே சேர்ந்து காத்தது. இன்று ஐம்பதுக்கு மேற்பட்ட குடும்பங்கள் அதில் இருக்கின்றன. அந்தப் புட்டியில்தான் எனக்கு மரியாதை அதிகம்.

எல்லோரும் காத்திருக்கச் சம்மதிக்கவில்லை. 1983-இல் எலியோ அல்தாரே என்ற இளைஞர் தகப்பனாரின் பழைய பீப்பாய்களை யந்திர ரம்பத்தால் அறுத்துப் போட்டார். பிரெஞ்சு தேசத்து 225 லிட்டர் புதுப் பீப்பாயில் ஒயின் சீக்கிரம் இளகும், சீக்கிரம் காசாகும் என்பது கட்சி. தகப்பனார் மகனுக்குச் சொத்தில்லை என்று எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடினார். எதிர்க்கட்சியில் பார்தொலோ மஸ்கரெல்லோ, புதுப் பீப்பாயும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று புட்டி லேபிளிலேயே எழுதிவிட்டார். ஒரு லேபிளில் இரண்டு சண்டை!

சீக்கிரத்தின் இன்னொரு முகம் பயங்கரமானது. 1986-இல் இதே பிரதேசத்து வியாபாரிகள் சிலர், மலிவு ஒயினுக்குப் போதை ஏற்ற மெதனால் கலந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சிலருக்குக் கண் போயிற்று. 2024-இல் நம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதும் அதே விஷம்தான். எந்த ஊரிலும் விஷம் மலிவு விலைப் புட்டியில்தான் வருகிறது.

பெரியவர் தோட்டத்தில் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. இந்தக் குன்றுகளில் இப்போது பழம் பறிக்கிறவர்களில் பலர் மாசிடோனியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவர்கள். அவர்களில் ஒருவனிடம், இந்த ஒயின் எப்படி என்று கேட்கச் சொன்னேன். தான் முஸ்லிம், குடிப்பதில்லை என்றான். கூலி மணிக்கணக்கில், மழை வந்தால் அன்றைக்கு வேலை கிடையாது. ஊரில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறான், கூரை போட வேண்டும், இன்னும் இரண்டு பறிப்பு வரவேண்டும் என்று சொல்லிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனான்.