கொரிய மொழி பயில ஒரு பாடநூல்

தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் மாணவன் ஒருவன் கொரிய மொழி கற்க விழைந்தான். அவனுடைய தமையனார் தென்கொரியாவின் அன்சான் நகரிலே தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்பவர். அவர் அனுப்பும் பணத்திலேயே தம்பியின் படிப்பு நடைபெறுகின்றது. தம்பியும் அந்நாட்டுக்கு வரவேண்டும், ஆனால் தாம் வந்த வழியால் வரலாகாது, புலமைப்பரிசில் பெற்று மேற்படிப்புக்கே வரவேண்டும் என்பது தமையனாரின் பிடிவாதமான எண்ணம். தம்பியின் கையிலோ ஒரு நூற்றொகுதி வாங்குவதற்கு மட்டுமே பணம் இருந்தது. எதனை வாங்குவது என்ற வினா அவனைச் சில வாரங்கள் அலைக்கழித்தது.

பாடநூல் எதுவாயினும் அதற்குள்ளே ஒரு மாணவன் ஏற்கெனவே அமர்ந்திருக்கின்றான். ஆசிரியர் தம் மனக்கண்முன் நிறுத்தி எழுதிய மாணவன் அவன். ஆங்கிலவழிக் கொரியப் பாடநூல்களின் வரலாறே இதற்குச் சான்று. 1877இல் ஷங்காயிலே அச்சான ஜோன் ரொஸ் என்பாரின் நூல் சமயப் பணிக்கெனச் செல்வோரைக் கருதியது. வடமேற்கு வட்டார வழக்கே அதில் மிகுதி, ஏனெனில் அவருக்குக் கற்பித்தவர் அப்பகுதியினர். 1945இல் வெளிவந்த பிரெட் லூக்கொவ்வின் நூல் அமெரிக்கப் படைவீரருக்கு உரியது. சாமுவேல் மார்ட்டினும் யொங்-சூக் லீயும் எழுதி 1969இல் ஏல் பல்கலைக்கழகம் வெளியிட்ட நூல் மொழியியல் நோக்குடையது. அது உரோமன் எழுத்தையே பெரிதும் நம்பியது. ஹவாய்ப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டிலிருந்து வெளியிட்டுவரும் தொகுதியோ அமெரிக்க வகுப்பறைக்கென அமைந்தது. இவற்றுள் எதிலும் தமிழ் மாணவன் அமர்ந்திருக்கவில்லை. அதில் மனவருத்தத்துக்கு இடமில்லை. ஆயினும், நூலைத் தெரிபவன் அதனை அறிந்திருத்தல் வேண்டும்.

இவ்வுண்மை மாணவனுக்குப் புலனானது துணைவினைகள் பற்றிய பாடத்திலேயாம். 'உண்டு பார்த்தான்' என்று தமிழர் கூறுவதைக் கொரியரும் 'உண்', 'பார்' என்னும் அவ்விரு வினைகளையும் அதே முறையில் அடுக்கியே கூறுகின்றனர். 'செய்து கொடு', 'செய்து வை' என்பனவும் அவ்வாறே. 'நேற்று வந்த மாணவன்' என்னும் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைத்தாற் கொரியத் தொடர் ஆகிவிடும். பெயரெச்சம், வேற்றுமை உருபு, இறுதியில் நிற்கும் வினை ஆகியன யாவும் வீட்டில் இருப்பவையே. ஆங்கிலேயனுக்கு இவற்றை விளக்கப் பாடநூல்கள் பக்கம் பக்கமாக வியர்வை சிந்துகின்றன. தமிழ் மாணவன் அப்பக்கங்களை ஒரு மாலைப்பொழுதிலே கடந்துவிடலாம். இலக்கண விளக்கம் விரிவாக உள்ளது என்பதற்காக ஒரு நூலை விலைகொடுத்து வாங்குதல் அவனுக்கு வீண்செலவே.

இவ்வொற்றுமையைக் கண்டு மயங்கியோரும் உளர். ஓமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் 1905ஆம் ஆண்டிலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். யப்பானிய மொழியைத் தமிழோடு ஒப்பிட்ட சுசுமு ஓனோவின் ஆய்விலே பேராசிரியர் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோர் இணைந்து உழைத்தமை எம் நாட்டவர் அறிந்ததே. உறவுக் கொள்கையை மொழியியலாளர் பொதுவாக ஏற்பதில்லை. 'அப்பா' என்னும் சொல் இரு மொழியிலும் ஒலிக்கின்றது என்று மகிழ்வதாற் பாடம் ஒன்றேனும் முன்னேறாது. உறவு உண்டோ இல்லையோ, அமைப்பு ஒற்றுமை கற்பவனுக்குப் பயன்படும். அதற்கு அப்பால் அவனுக்கு அது வேண்டியதில்லை.

எழுத்தின் செய்தி வேறு. 1443இல் செஜொங் மன்னர் ஆக்கி, 1446இல் நாட்டுக்கு அறிவித்த ஹங்குல் எழுத்து, ஒலிபிறக்கும் உறுப்புகளின் வடிவைத் தழுவியது. பிறப்பியல் படித்தவனுக்கு அது பெருவிருந்து. மெய்யும் உயிரும் கூடி ஒரே கட்டாக நிற்பதும் அவனுக்குப் புதிதன்று. 'பம்பரம்' என்பதில் ஒரே பகரம் முதலில் வன்மையாகவும் மெல்லெழுத்தின்பின் மென்மையாகவும் ஒலிப்பதுபோலக் கொரியத்திலும் ஓர் எழுத்து இடம்நோக்கி இருவாறு ஒலிக்கும். உரோமன் எழுத்தில் எழுதும் முறைகளுட் சில இதனை இரண்டு எழுத்தாகப் பிரித்துக் காட்டி, இல்லாத ஒரு சிக்கலைத் தமிழ் மாணவனுக்கு உண்டாக்குகின்றன. ஆங்கிலேயனை வருத்தும் இதழ் குவியாத உகரம், 'காடு', 'பாட்டு' என்பவற்றின் ஈற்றிலே குற்றியலுகரமாக நாள்தோறும் எம் வாயில் வழங்குவது. ஆகவே, முதற்பக்கத்திலிருந்தே ஹங்குலைக் கையாளும் நூலே தனக்கு உகந்ததென அவன் தீர்மானித்தான்.

ஆயினும், தமிழன் தடுமாறும் இடம் அங்கேயே உண்டு. நெருப்பு, புல், கொம்பு ஆகிய மூன்றுக்கும் உரிய கொரியச் சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றும் 'புல்' என்றே நிற்கும். (அவற்றுள் ஒன்று உண்மையிலேயே புல்லைக் குறிப்பது வேடிக்கையான தற்செயல்.) முதலெழுத்தில் மூச்சின் அளவும் தொண்டையின் இறுக்கமுமே அவற்றை வேறுபடுத்துவன. இன்றைய சியோல் இளைஞர் வாயிலே நெருப்பும் புல்லும் குரலின் தாழ்வு உயர்வினாலேயே பெரிதும் பிரிகின்றன. அச்சிட்ட பக்கம் இதனைக் கற்பிக்க இயலாது. ஒலிப்பதிவு இல்லாத நூல், எத்துணைச் சிறந்ததாயினும், தமிழனுக்கு அரைநூலே.

எஞ்சியது மரியாதை. நீ, நீர், நீங்கள் என மூன்று படி வழங்கும் நாட்டில் வளர்ந்தவனுக்கு இது எளிதாதல் வேண்டும் என்று அவன் எண்ணியிருந்தான். தமிழில் மரியாதை பெரும்பாலும் பேசப்படுபவரைச் சாரும். கொரியத்தில் கேட்பவருக்கும் ஒவ்வொரு வாக்கிய ஈற்றிலும் அதனைச் செலுத்துதல் வேண்டும். 'மழை பெய்கின்றது' என்பதைத் தோழனிடம் ஒருவாறும் ஆசிரியரிடம் வேறொருவாறும் கூறாதிருக்க முடியாது. தமையனார் தொலைபேசியிற் கூறிய ஒரு நிகழ்ச்சி அவனுக்கு இதனை உணர்த்தியது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் மேற்பார்வையாளர் தம்மிடம் பேசிய அதே ஈற்றை, அதுவே வழக்கென நம்பி, அவர் அவரிடமே திருப்பிப் பேசிவிட்டார். தொழிற்கூடம் முழுவதும் ஒரு கணம் அமைதியாயிற்று. அவர் படித்த பாடம் பணிவு ஈற்றை மட்டுமே கற்பித்திருந்தது. காதில் விழப்போகும் மற்றைய ஈற்றைப் பற்றி அது எச்சரிக்கவில்லை.

தொழிலுக்குச் செல்வோருக்கெனக் கொரிய அரசின் மனிதவள நிறுவனம் ஆக்கிய பொதுப் பாடநூல் 60 பாடங்கள் கொண்டது. கருவிகளின் பெயர், பாதுகாப்பு விதிகள், சம்பளம் முதலியவற்றை அது கற்பிக்கின்றது. தமையனார் அதனையே படித்தவர். பல்கலைக்கழகங்கள் வெளியிடும் தொகுதிகளுள் யொன்செயினுடையது இலக்கணத்திலும் வாசிப்பிலும் செறிந்தது. சொகாங்கினுடையது பேச்சுக்கு முதன்மை தருவது. ஆறு படிகளைக் கொண்ட கொரிய மொழித் தகைமைத் தேர்வுக்கு எழுத்தும் வாசிப்பும் வேண்டியிருப்பதால் யொன்செயே ஏற்றதெனப் பலர் கூறினர். இலக்கணம் தனக்குப் பாதி வந்துவிட்டது, வாய்தான் வரவில்லை என்று கண்டுகொண்ட மாணவன் சொகாங் தொகுதியையே வாங்கினான். அத்தெரிவு சரியென்றே படுகின்றது.

அடுத்த மாதம் தமையனாரின் பழைய பாடநூல் பொதியிலே வந்து சேர்ந்தது. அட்டை கழன்றிருந்தது. ஓரங்களில் எண்ணெய்க் கறையோடு பென்சிலால் எழுதிய தமிழ்க் குறிப்புகள் இருந்தன. பாதுகாப்புப் பற்றிய பாடத்தில், நெருப்பைக் குறிக்கும் சொல்லின் அருகே 'புல்' என்று எழுதி வெட்டியிருந்தார். அதன்கீழே, 'மூச்சைக் குறை, குரலைத் தாழ்த்து, இல்லாவிட்டால் ஒருவரும் ஓடமாட்டார்கள்' என்று எழுதியிருந்தது.