கீழறை இப்போது அம்மா அறை

கொல்லிமலையின் பெரக்கரை நாட்டில் சரிவில் கட்டிய வீடு எங்களுடையது. மேலே நாங்கள், கீழே மிளகும் காப்பிக்கொட்டையும். படியேற முட்டி விடாததால் கீழறையை அம்மாவுக்கென்று மாற்றினோம்.

டைல்ஸ், பெயின்ட் எல்லாம் கடைசி வேலை. மலைப்பக்கச் சுவர்தான் முதல் எதிரி. ஐப்பசி மழையில் மண் குடித்த தண்ணீர் முழுக்க அதன் வழியே கசியும். உள்பக்கம் எத்தனை கோட் அடித்தாலும் பொருக்கு விட்டு உதிர்ந்துவிடும். மண்ணை ஒட்டிய பக்கத்திலேயே தடுக்க வேண்டும். வெளியே பள்ளம் தோண்டி, சுவருக்குத் தார் பூசி, அடியில் ஓட்டை போட்ட பிவிசி குழாயை வாட்டம் பார்த்துப் பதித்து, மேலே ஜல்லி கொட்டினோம். இப்போது அந்தத் தண்ணீர் பலாமரத்துக்குப் போகிறது. பள்ளத்தாக்குப் பக்கம் பெரிய ஜன்னல், காற்றுக்குப் பஞ்சமில்லை.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறிவந்த சாமான்களுக்கு வண்டி வாடகை எவ்வளவு என்று மட்டும் அம்மாவிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்!