செம்பும் அலுமினியமும்

நண்பன் ஒருவனின் இறுதியாண்டு ஆய்வைக் காண்பதற்காக அக்பர் பாலத்தைக் கடந்து பொறியியற்பீடத்துக்குச் சென்றேன். கலைப்பீட மாணவனுக்கு உலோகங்களோடு என்ன தொடர்பு என வாசகர் வினவக்கூடும். தொடர்பு உண்டு.

என் தந்தையார் எங்களூரில் வயரிங் வேலை செய்தவர். 2012 ஆம் ஆண்டு, சிறு பலசரக்குக் கடையொன்றுக்கு மின்னிணைப்புச் செய்தபோது, வெளியிலிருந்து வந்த அலுமினியக் கம்பியையும் உள்ளே செல்லும் செப்புக் கம்பியையும் முறுக்கி, மேலே நாடா சுற்றிவிட்டார். மாரி வந்தது. ஓரிரவு அந்த முறுக்கிலிருந்து தீப்பற்றிக் கடையின் கூரை எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆயினும் அதன்பின் அப்பா குறட்டைக் கையில் எடுக்கவில்லை. பல்கலைக்கழக அனுமதிப் படிவத்தில் தந்தையின் தொழில் கேட்கப்பட்ட இடத்தில் நான் 'கமம்' என்று எழுதினேன். எங்களுக்கு இருப்பது பத்துக் கத்தரிச் செடிகள்.

நண்பனின் மேசையில் ஒடிந்த தகடுகள் கிடந்தன. ஒரு பாதி வெள்ளை, மறுபாதி சிவப்பு. "இதெல்லாம் பிழைச்சது மச்சான்" என்றான். அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். செம்புக்கு 1085 பாகை வேண்டும். இரண்டையும் உருக்கி ஒட்டினால் அவை கலந்து புதிய சேர்வைகளாகின்றன. அவை கடினமானவை, ஆனால் கண்ணாடியைப் போல நொறுங்குபவை. ஆகவே உருக்காமல் ஒட்டும் வழியொன்றை அவன் பயின்றுகொண்டிருந்தான். 1991 இல் இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜுக்கு அண்மையிலுள்ள ஒட்டுத்தொழில் ஆய்வு நிறுவனத்தில், வெயின் தோமஸும் அவர்தம் சகாக்களும் கண்ட முறை அது. தகடுகள் இரண்டையும் பக்கம்பக்கமாக இறுக்கி, சுழலும் உருக்குக் கோலொன்றைப் பொருத்தில் இறக்கி மெல்ல நகர்த்துவார்கள். உராய்வுச் சூட்டில் உலோகம் உருகுவதில்லை. ரொட்டிக்குக் குழைத்த மாவைப்போல் இளகிக் கிளறுண்டு ஒன்றுசேர்கிறது.

சொல்வதற்கு எளிது. செம்பை எந்தப் பக்கம் வைப்பது என்பதிலேயே அவன் பல தகடுகளை இழந்திருந்தான். கோலின் சுழற்சியும் நகர்வும் ஒரே திசையில் அமையும் பக்கத்திற் கடினமான செம்பு இருக்கவேண்டும். கோலோ மென்மையான அலுமினியத்தின் பக்கம் சற்று விலகி நிற்கவேண்டும். நொறுங்கும் அச்சேர்வை இங்கும் தோன்றவே செய்கிறது. மிக மெல்லிய படையாயின் அது பிணைக்கும், தடித்தால் ஒடிக்கும்.

அப்போது அப்பாவின் முறுக்கைப் பற்றிக் கேட்டேன். கதையைச் சொல்லவில்லை, 'ஒருவர்' என்று மட்டும் சொன்னேன். அலுமினியத்தின் மேல் மின்னைக் கடத்தாத ஒட்சைட்டுப் படலம் உண்டு. சூடேறினால் அது செம்பைவிட அதிகம் விரியும். ஆறும்போது பிடி தளரும். ஈரம் பட்டால் அரிக்கப்படுவதும் அலுமினியமே. தளர்ந்த இடத்தில் தடை கூடும், சூடு கூடும். "அதுக்கெண்டு தனிக் கவ்வி இருக்கு. பெரிய விலையில்லை" என்றான். ஆக, தவறு அப்பாவுடையதுதான். ஊரார் சொன்னதுபோல அலட்சியத்தால் அன்று, அறியாமையால். இரண்டும் ஒன்றல்ல என்று இன்று எனக்குத் தோன்றுகிறது. கூரையை இழந்த கடைக்காரருக்கு அவ்வாறு தோன்றுமோ தெரியாது.

விடுமுறைக்குப் போகையில் ஒடியாத தகடொன்றைக் கேட்டு வாங்கிச் சென்றேன். அப்பா அதனை வெளிச்சத்திற் பிடித்து, பெருவிரலாற் பொருத்தை நெடுநேரம் தடவினார். வளைத்துப் பார்த்தார்.

"இந்த ஓட்டை என்ன?"

"கோல் வெளியில வந்த இடம், அப்பா."

மறுபடியும் தடவினார். "மழை பட்டால்?"

"ஈரம் படாமல் மூடத்தான் வேணும். ஒட்டினாலும் அரிக்குமாம்."

"அப்ப அதுவும் அப்பிடித்தான்" என்றவர், கடையில் அந்தக் கம்பியை எப்படி முறுக்கினாரென்று முதன்முறையாக எனக்குச் சொல்லத் தொடங்கினார்.