ஏன் என்று கேட்கிற தம்பி

போன ஞாயிறு சித்தி வீட்டில் கொத்துரொட்டி. தம்பி தட்டைத் தொடவே இல்லை. சித்தியின் மகன், 24 வயது. எயில்மரில் இருக்கும் ஒன்ராறியோ பொலிஸ் கல்லூரியில் பயிற்சி முடித்துவிட்டு, இப்போது மூத்த அதிகாரி ஒருவரோடு காரில் திரிந்து வேலை பழகுகிறான். அந்த மூத்தவரைக் கோச் ஒஃபிசர் என்பார்கள்.

"அண்ணா, ஏன் எண்டு கேட்டாலே அவருக்குப் பிடிக்கேல்லை" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கே பள்ளிக்கூடத்தில் ஏன் என்று கேட்டுத்தானே நாங்கள் புள்ளி வாங்கினோம்? அவரோ, "முதலில் செய், பிறகு காரில் வைத்துக் கேள்" என்று பழக்கப்பட்டவர். அதிலும் நியாயம் உண்டு. கதவுக்கு அந்தப் பக்கம் யார் என்று தெரியாதபோது விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க முடியாது.

1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் சான் ஹொசே பொலிஸார், புதியவருக்குத் தினமும் 1 முதல் 7 வரை புள்ளி போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். அது அமெரிக்கா எங்கும் பரவியது. கிட்டத்தட்ட 30 வருடங்களுக்குப் பிறகு நெவாடாவின் ரீனோ நகரில் இன்னொரு முறை வந்தது. ஒரு பிரச்சினையைக் கையில் கொடுத்து யோசிக்க விடுவது, பிழை விட்டுப் படிக்க இடம் கொடுப்பது. தம்பி மனதளவில் ரீனோக்காரன்!

ஆனால் அவன் சாப்பிடாததற்குக் காரணம் வேறு.

ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். தமிழ்த் தாத்தா ஒருவர் கதவைத் திறந்தார். கோச் கேட்கக் கேட்க, அவர் நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாராம். எதையோ மறைக்கிறார் என்று நினைத்த கோச்சின் குரல் உயர்ந்தது. சீருடைக்கு முன்னால் தலை நிமிராமல் நிற்க ஊரில் பழகிய தலைமுறை அது. என் அப்பாவே இன்றைக்கும் பொலிஸ் கார் பின்னால் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். தம்பிக்கு எல்லாம் விளங்கியது. ஆனால் முதல் கிழமைதான், "ஆட்களுக்கு முன்னால் குறுக்கே கதைக்காதே" என்று ஏச்சு வாங்கியிருந்தான். பேசாமல் நின்றான். தாத்தாவின் கை நடுங்கத் தொடங்கியதாம்.

காரில் ஏறியதும் சொல்லியிருக்கிறான். கோச் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஏன் அங்கேயே சொல்லவில்லை?" என்று கேட்டாராம்.

"நீங்கள்தானே சொன்னீர்கள்!"

நான் கேட்டுக்கொண்டிருந்தேன், ஆனால் என் மனம் அலுவலகத்துக்குப் போய்விட்டது. இரண்டு மாதத்துக்கு முன், புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி வாடிக்கையாளர் கூட்டத்தில் என் வரைபடத்தில் ஒரு பிழையைக் காட்டினாள். "பிறகு கதைப்போம்" என்று வெட்டிவிட்டேன். அந்தப் "பிறகு" வரவே இல்லை. இப்போது கூட்டங்களில் அவள் வாய் திறப்பதில்லை. எனக்கு 34 வயதுதான். அதற்குள் நானும் கோச்!

தம்பியும் அவரும் இப்போது ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். வாசலில் வைத்துச் சொல்லவேண்டியது இருந்தால், இவன் தன் தொப்பியைக் கழற்றவேண்டும். அவர் பேச்சை நிறுத்தி இவனிடம் விடுவார். இன்னும் ஒருமுறையும் கழற்றவில்லையாம்.

"கழற்றுவியா?" என்று கேட்டேன்.

"பயமாத்தான் இருக்கு அண்ணா" என்றான். கொத்து ஆறிப்போயிருந்தது. சித்தி தட்டை எடுத்துச் சூடாக்கப் போனா.