படம் இருக்கு, குரல் இல்லை

ஒரு நூல் வெளியீடோ நினைவுப் பேருரையோ நடந்தால், மண்டபத்தில் இப்போது நாலைந்து கமராக்களும் போன்களுமாவது நிற்கும். மங்கல விளக்கு ஏற்றுவது, பொன்னாடை போர்ப்பது எல்லாம் வடிவாகப் பதிவாகும். பேச்சு மட்டும் கரகரவென்று கிடக்கும். "என்ன கதைக்கினம் எண்டே விளங்கேல்லை" என்று இரண்டாவது நிமிடத்திலேயே வீடியோவை மூடிவிடுவோம்.

அப்படி ஒரு வீடியோ எங்களிடமும் வந்தது. வயதான அண்ணாவியார் ஒருவர் தன் கூத்து வாழ்க்கையைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்து, இடையிடையே பாடியும் காட்டியிருந்தார். சில மாதங்களில் அவர் காலமாகிவிட்டார். "பிள்ளையள், இந்தச் சத்தத்தை ஒருக்காத் திருத்தித் தரேலுமே?" என்று மகள் கேட்டா.

ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து பார்த்தோம். ஏறி இறங்கி வளைய வேண்டிய ஒலி அலையின் உச்சிகள் எல்லாம் ஒரே மட்டத்தில் வெட்டுப்பட்டிருந்தன, ஷெல்லில் தலை போன பனைகள் மாதிரி. இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். டிஜிட்டல் பதிவில் ஆகக் கூடிய அளவு 0 டெசிபல். அதற்கு மேல் வரும் சத்தத்தைக் கமரா அப்படியே வெட்டிவிடும். பிறகு வொலியூமைக் குறைத்தால் கரகரப்பும் சேர்ந்து மெதுவாகக் கேட்கும், அவ்வளவுதான். வெட்டுப்பட்டது திரும்பி வராது.

காரணம் சின்னது. மிக்ஸரில் இருந்து வரும் லைன் சிக்னல், மைக் தருவதைவிட நூறு மடங்குக்கும் மேல் பலமானது. அதை நேரே கமராவின் மைக் துளைக்குள் செருகியிருக்கிறார்கள். மண்டபத்து ஸ்பீக்கரில் எல்லாம் தெளிவாகக் கேட்டதால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கமராவில் ஹெட்போன் மாட்டி ஒரு நிமிடம் கேட்டிருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும்.

ஒடாசிட்டியில் 'கிளிப் ஃபிக்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. வெட்டுப்பட்ட உச்சியை, பக்கத்து வளைவுகளைப் பார்த்து ஊகித்து நிரப்பும். மெல்லக் கதைத்த இடங்கள் அதில் ஓரளவு தேறின. குரலை உயர்த்திப் பாடிய இடங்கள் தேறவில்லை. இரைச்சலைக் குறைக்கும் வசதியைக் கூட்டிப் போட்டால், தண்ணிக்குள்ள இருந்து பாடுற மாதிரி வந்தது.

பிறகு ஆட்களைத் தேடினோம். பார்வையாளர் ஒருவர் வட்ஸ்அப்பில் அனுப்பவென்று போனில் எடுத்த 12 நிமிடத் துண்டு கிடைத்தது. கைதட்டல் சத்தத்தை அடையாளமாக வைத்து அதை வீடியோவோடு பொருத்தினோம். மிச்சத்துக்கு, அவருடைய மகளையும் அவரிடம் கூத்துப் பழகிய இரண்டு பேரையும் இருத்தி, வரி வரியாகப் போட்டுக் காட்டினோம். எங்களுக்கு வெறும் இரைச்சலாகக் கேட்டது அவர்களுக்குப் பாட்டாகக் கேட்டது. ஓரிடத்தில் இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொல்லி நல்லாச் சண்டை பிடித்தார்கள். இரண்டையுமே எழுதி வைத்திருக்கிறோம்.

அவர்களுக்கு அந்தப் பாட்டு முதலே தெரியும், அதனால் தப்பியது. தெரிந்தவர்கள் இல்லாத பதிவுகளை என்ன செய்வது?

அதனால் இப்போது எங்கள் நிகழ்வுகளில் ஒருவருக்கு ஹெட்போனோடு இருப்பது மட்டும்தான் வேலை. உச்சச் சத்தம் -12 டெசிபலைச் சுற்றி நிற்கிறதா என்று பார்ப்பார். மேசையில் இரண்டாவது பதிவாக ஒரு போனும் ஓடும். பேசியவர் இருக்கும்போதே, விளங்காத இடங்களை அவரிடமே கேட்டு எழுதிவிடுகிறோம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கரகரத்த வீடியோ இருந்தால் அழிக்காதீர்கள். அதில் இருக்கும் குரலைத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, பக்கத்தில் இருத்திப் போட்டுக் காட்டுங்கள். கொப்பியும் பேனையும் கையில் இருக்கட்டும்.