ஆபிரிக்கப் பண்ணையிலே ஈராண்டு

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, இலக்கிய ஆராய்ச்சி எதையேனும் எழுதுவேனென அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். பயிற்சிக் கலாசாலையிலே பெற்ற சான்றிதழன்றி வேறு பட்டமெதுவும் இல்லாத தமிழாசிரியன் நான். ஆதலின், ஆராய்ச்சியைக் கற்றோர்க்கு விட்டு, கண்ணாற் கண்டதொன்றை எழுதத் துணிந்தேன்.

2022ஆம் ஆண்டு நம் நாடு பெரும் பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்ததை எவரும் மறந்திரார். அரச ஊழியர் சம்பளமற்ற விடுமுறை பெற்று வெளிநாட்டிலே தொழில் செய்யலாமென அரசாங்கம் அப்போது இடமளித்தது. என் சம்பளமோ மாத நடுவிலேயே தீர்ந்தது. வீடு கட்டப் பட்ட கடன் தீரவில்லை. சாம்பியா நாட்டின் மத்திய மாகாணத்திலே ஒரு பண்ணையிற் பொறிவேலை பார்த்த என் மைத்துனர் அழைத்தார். அவ்வாண்டு மார்கழியிலே, வெண்கட்டி பிடித்த கை களஞ்சியத் திறப்பைப் பிடித்தது.

சென்ற முதல்நாளே மண்ணைக் கண்டு வியந்தேன். எங்கள் ஊர்த் தோட்டத்துச் செம்மண் போன்றே அங்குங் கிடந்தது. ஆயின், வேலியைத்தான் காணவில்லை. பரப்புக் கணக்கிலே காணி அளந்து பழகியவனுக்கு இரண்டாயிரம் ஏக்கர் கடலாகத் தோன்றிற்று. கார்த்திகை முதற் பங்குனி வரை அங்கே மழைக்காலம். சோளமும் சோயாவும் அப்பருவத்துப் பயிர்கள். வைகாசியிலே விதைத்துப் புரட்டாதி ஐப்பசியில் அறுக்கும் கோதுமை முற்றும் இறைப்புப் பயிர். துலா மிதித்தவரின் பேரனாகிய நான், நடுத்தூணொன்றைச் சுற்றிச் சக்கரங்களில் ஊர்ந்து நீர் தூவும் நெடுங்குழாயை வாய் பிளந்து பார்த்து நின்றேன். எங்களூரிலே சோளகம் வீசும் ஆனி ஆடியில் அங்கே கடுங்குளிர். மேட்டுநிலமாதலின் இரவில் ஒரு கம்பளி போதாது.

விடியுமுன் மரத்திலே தொங்கும் தண்டவாளத் துண்டைக் காவலாளி தட்டுவார். அதுவே பண்ணையின் மணி. களஞ்சியத்துக்கு வருபவர் எவரும் வந்த காரியத்தை உடனே சொல்லார். முழங்காலைச் சற்று மடித்து, இரு கைகளையும் மெல்லத் தட்டி, ‘ம்வஷிபுக்கேனி’ எனக் காலை வணக்கஞ் சொல்வர். வீட்டார் நலமும் கேட்பர். அதன் பின்னரே ஆணியோ உரமோ கேட்பர். நானோ முதல் மாதம் முழுவதும், “என்ன வேண்டும்?” என்று நேரே கேட்டுப் பலர் மனத்தை நோகச் செய்தேன்.

இப்பிழையைத் திருத்தியவன் காவலாளியின் பத்து வயது மகன். பெம்பா மொழியிலே அவனே எனக்கு ஆசான். ‘உமுந்து’ என்றால் மனிதர் ஒருவர். ‘அபந்து’ என்றால் மனிதர் பலர். நாம் ‘கள்’ விகுதியைச் சொல்லின் வாலிலே சேர்க்கின்றோம். அவர்கள் சொல்லின் தலையை மாற்றுகின்றனர். இருபது ஆண்டு இலக்கணம் படிப்பித்தவன், அச்சிறுவன் முன் பிழைவிட்டு விழித்த காட்சியை என் மாணவர் கண்டிருப்பின் மகிழ்ந்திருப்பர்!

வெள்ளைச் சோளமாவைக் கொதிநீரிலே இட்டு இறுகக் கிளறிய ‘ந்ஷிமா’வே அவர்களுக்குச் சோறு. வலக்கையால் உருட்டிக் கறியிலே தொட்டு உண்பர். வெள்ளிக்கிழமையில் மச்சம் உண்ணாத எனக்கு, பூசணியிலையையும் இடித்த கச்சானையும் சேர்த்துக் காவலாளியின் மனைவி சமைத்துத் தருவார். உண்ணுமுன் கிண்ணத்தை ஏந்தி விருந்தினர் கைக்கு நீர் வார்ப்பது அவர்கள் வழக்கம். அந்நீர் கையிற் படும்போதெல்லாம் ஊர் நினைவு வரும்.

தை மாதம் அங்கே மாரியின் நடுப்பகுதி. 2023இல் முகில் மூடிய வானத்தைப் பார்த்து, சூரியன் தலைகாட்டானோவென ஏங்கிப் பொங்கினேன். 2024இலோ அவன் தலைகாட்டியவன் மறையவேயில்லை. பூத்து நின்ற சோளம் வாரக்கணக்காக மழையின்றிக் கருகிற்று. மாசியிலே, பெப்ரவரி 29ஆந் திகதி, அந்நாட்டுச் சனாதிபதி வறட்சியைத் தேசிய அனர்த்தமெனப் பிரகடனஞ் செய்தார். மின்சாரத்தின் பெரும்பகுதியை நீர்வலுவாற் பெறும் நாடு அது. கரிபா அணையிலே நீர் தாழ, மின்வெட்டு நீண்டது. நெடுங்குழாய்கள் நின்ற இடத்திலே நின்றன. பதிவேட்டிலே பெயருள்ள தொழிலாளருக்கு மாதம் 25 கிலோ மாவு, பிறர்க்கு இல்லையென விதி பிறந்தது.

ஐப்பசியில் ஒருநாள் அயற் கிராமத்து முதியவள் ஒருத்தி வெறுங் கிண்ணத்துடன் வந்தாள். நான் பதிவேட்டிலிருந்து தலை நிமிராமலே, “பண்ணை ஆட்களுக்கு மட்டும்” என்றேன். அவள் வாதாடவில்லை. முழங்கால் மடித்து, கைதட்டி, ‘நத்தோத்தேலா’ என்று நன்றி கூறிப் போனாள். இல்லையென்றவனுக்கும் நன்றி!

அன்றிரவு உறக்கம் வரவில்லை. 1995ஆம் ஆண்டு, அதே ஐப்பசியிலே, வலிகாமத்தை விட்டு ஊரோடு ஊராக நடந்தபோது எனக்கு வயது பதினைந்து. தென்மராட்சியிலே நிவாரண வரிசையில் அம்மாவின் சேலையைப் பிடித்தபடி நின்றேன். குடும்ப அட்டை வீட்டிலே தவறிப் போயிருந்தது. எழுதிக்கொண்டிருந்தவர் நிமிராமலே, “அடுத்த ஆள்” என்றார். “சரி தம்பி” என்று அம்மா விலகினார். அந்தக் குனிந்த தலையை நான் இருபத்தொன்பது ஆண்டுகள் வெறுத்து வந்தேன். அன்று அது என் தோளின்மேல் இருந்தது.

மறுநாள் என் பங்கு மாவிற் பாதியை எடுத்துக்கொண்டு, சிறுவனை வழிகாட்டக் கூட்டி, அவள் குடிசைக்குச் சென்றேன். ‘ம்வைசேனி’ என்று வரவேற்று முக்காலியிலே இருத்தினாள். பின் கிண்ணத்திலே நீர் கொணர்ந்து என் கைக்கு வார்த்தாள். உண்பிக்க அவளிடம் ஒன்றுமில்லை. ஆயினும், வந்தவன் விருந்தினன் அன்றோ!

அடுத்த வாரம் ஐவர் வந்தனர். என் பங்கு ஐவருக்குப் போதவில்லை. எல்லார்க்கும் ஈந்தேனென எழுதினாற் பொய்யாகும். களஞ்சியம் என்னுடையதன்று, விதியை மாற்றும் வலுவும் எனக்கில்லை. ஆனால், இல்லையென்று சொல்ல நேர்ந்தபோதெல்லாம், எழுந்து நின்று, முகம்பார்த்து, நலம் கேட்ட பின்னரே சொன்னேன்.

2024 மார்கழியிலே கடனிற் பெரும்பகுதியைத் தீர்த்துத் திரும்பினேன். விருந்தோம்பல் அதிகாரத்தை முன்பு பொருள் கூறி, பயன் எழுதுவித்து, ஒரு பாடவேளையில் முடிப்பேன். இப்போது அவ்வாறு முடிக்க இயலவில்லை. வெறுங் கிண்ணமொன்றும் கைமேல் வீழ்ந்த நீரும் இடையிலே வந்து நிற்கின்றன.

மாணவச் செல்வங்களே, நாளை உங்களிற் பலர் திறப்பும் பதிவேடும் ஏந்தும் பதவிகளில் அமர்வீர்கள். மேசைக்கு அப்பால் நிற்பவரின் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். நம் கல்லூரி அன்னைக்கு நீவிர் செய்யும் வழிபாடு அதுவேயாகும்.