ஒற்றை இழையின் தொடக்கம்

ஏட்டு நூல் இயற்றுவோர்க்குப் பாயிரம் என ஒன்று உண்டு. ஊசியிற் கோத்த நூலால் தைக்கத் தொடங்குவோர்க்கு அத்தகைய துணை யாதும் இல்லை. நன்னூல் செய்த பவணந்தி முனிவர், சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் உருவகித்து, இருவகை நூலுக்கும் உறவு காட்டினார். ஆயினும் நூற்ற இழையைத் துணியின்கண் முதன்முதலாக நிறுத்துமாறு யாங்ஙனம் என்பதை உரைக்க அவர்க்கு இடம் நேர்ந்திலது. அதுபற்றிச் சில சொல்லவே யாம் துணிந்தோம். தமிழ் பயில்வார்க்கு ஊசியோடு என்ன வழக்கு என்று நண்பர் நகைப்பராயின் நகைக்க.

கட்டங்கட்டமாக நெய்த துணியில், கட்டந்தோறும் பெருக்கற்குறி போல இரண்டு சாய்வரைகளை இட்டு உருவம் சமைப்பது குறுக்குத் தையல். கடைவீதியில் கிராஸ் ஸ்டிச் என்றால்தான் தெரியும். இதற்குரிய பூநூல் ஆறிழை கூடியதாய், 8 மீட்டர் கொண்ட கண்டாக விற்கப்படுகின்றது. வேண்டிய இழைகளைப் பிரித்தெடுத்துக் கோத்தல் வேண்டும். அங்குலத்திற்கு 14 கட்டமுள்ள துணிக்கு இரண்டிழை பெருவழக்கு. 18 கட்டமுள்ள நுண்ணிய துணிக்கு ஓரிழையும் போதும்.

இரண்டிழை கோப்பார்க்குத் தொடக்கம் எளிது. நீண்ட ஓரிழையை நடுவே மடித்து, இரு முனைகளையும் ஊசிக்காதில் நுழைத்தால், மடிப்பு மறுகோடியில் வளையமாக நிற்கும். ஊசியைத் துணியின் அடியிலிருந்து மேலே வாங்கி, ஒரு சாய்வரை இட்டுக் கீழே இறக்குங்கால், அடியில் நிற்கும் அவ்வளையத்துள் ஊசியைச் செலுத்தி இழுத்தால் நூல் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். மடித்த இழையின் ஒரு பாதி தன் முறுக்குக்கு எதிராக ஓடும் என்று குறை கூறுவாரும் உளர். அது கண்ணுக்குத் தெரிவது அரிது. ஆனால் ஓரிழை மட்டுமே கோப்பார்க்கு மடிப்பு ஏது? வளையம் ஏது?

இவ்வினா எம் இல்லத்தில் எழுந்ததற்குக் காரணம் உண்டு. எம் அன்னையார், எம் ஊர் ஆலயத்தின் திருவிருந்து மேசைக்கென 18 கட்டத் துணியொன்றில் தையல் தொடங்கி, அது முடியுமுன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நடுவே சிலுவை நிறைவுற்றிருந்தது. அதனைச் சூழ வரவேண்டிய 40 விண்மீன்களுள் 28 முடிந்திருந்தன. ஒவ்வொரு விண்மீனும் ஒன்பதே பெருக்கற்குறிகளால் ஆயது. கால் அங்குலத்திற்குச் சற்றே மிகும். எஞ்சிய பன்னிரண்டையும் முடிக்கும் பொறுப்பை எம் தமக்கையார் ஏற்றார். அவர் சுங்குவார்சத்திரத்தில் தொழிற்சாலை ஒன்றில் முறைமாறிப் பணிபுரிந்து, உடன் பணியாற்றும் மூவரோடு ஓரறையில் வாழ்பவர்.

அன்னையார் வைத்துச் சென்ற கருஞ்சிவப்பு நூலில் எஞ்சியது ஓரடி. ஆறிழையாகப் பிரித்தால் பன்னிரண்டு அங்குல நீளத்தில் ஆறு துண்டுகள். புதிதாக வாங்கலாகாதோ எனின், கண்டின் மேலிருந்த எண்சீட்டு இல்லை. அன்றியும், ஒரே எண்ணுடைய நூலும் வேறு வேறு சாயத்தொட்டியில் தோய்ந்ததாயின் நிறம் சிறிது வேறுபடக்கூடும். வெண்துணியில் அவ்வேறுபாடு கூவிக் காட்டும். ஆகவே ஒவ்வோர் இழையிலும் இரண்டு விண்மீன் பிறந்தாக வேண்டும்.

முடிச்சிட்டுத் தொடங்கலாமே என்று யாம் கேட்டோம். ஒற்றை இழையின் முடிச்சு மிகச் சிறியது. இழுப்பு மிகுந்தால் துணியின் துளை வழியே மேலே வந்துவிடும். வாராது நின்றாலோ, தேய்ப்புப்பெட்டி ஓடும்போது மேற்புறத்தே பருப்போலத் தெரியும். மேசைவிரிப்பு அடிக்கடி துவைத்துத் தேய்க்கப்படுவது. மற்றொரு முறை, முடிச்சைத் தொடக்கத்திற்கு அப்பால் துணியின் மேற்புறத்தில் இட்டு, தைத்து முடித்தபின் அதனை நறுக்கி, விட்ட வாலை மீண்டும் ஊசியிற் கோத்து அடித்தையல்களுள் புதைப்பது. உறுதியான முறைதான். ஆயின் வாலுக்கு நான்கு அங்குலம் வேண்டும்; விண்மீனுக்கு மூன்று; முடிப்புக்கு ஒன்று. ஆக எட்டு அங்குலம். ஓரிழைக்கு ஒரு விண்மீனே கிட்டும். ஆறோடு நூல் தீரும். ஒரு விண்மீனிலிருந்து அடுத்ததற்கு நூலை அறுக்காமல் அடிவழியே கொண்டு செல்வதும் ஆகாது. சிவப்புக் கோடு வெண்துணியூடே நிழலாடும்.

அன்னையார் எவ்வாறு தொடங்கினார் என்று அறியத் துணியைப் புரட்டிப் பார்த்தோம். இருபத்தெட்டில் ஒன்றிலும் தொடக்கம் புலப்படவில்லை. ஒரு விண்மீனைப் பிரித்தால் தெரிந்திருக்கும். பிரிக்க எமக்கு மனம் வரவில்லை.

விடை அவ்வறையிலேயே கிடைத்தது. உடன் தங்கியிருந்த தார்வாட்டுப் பக்கத்துப் பெண், தமக்கையார் கையிலிருந்த துணியைப் பார்த்து, "முடிச்சு எதற்கு அக்கா? எங்கள் ஊரில் முடிச்சே போட மாட்டோம்" என்றாளாம். சுங்குவார்சத்திரத்தின் வழியே செல்லும் 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, பெங்களூரைக் கடந்து தார்வாட்டையும் தொட்டுச் செல்வது. அந்நாட்டுக் கசூத்தி என்னும் பூத்தையல் 2006ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றது. கவந்தி, முர்கி, நேகி, மெந்தி என அதில் நால்வகை உண்டு. மெந்தி என்றால் வெந்தயம். குறுக்குத் தையலே அப்பெயரில் வழங்குகின்றது. துணியில் வரைந்துகொள்ளாமல் இழைகளை எண்ணியே தைப்பதும், முடிச்சை விலக்குவதும் அதன் மரபு. காஞ்சிபுரத்துத் தறிகளிலும் பழைய பாவின் முனைகளோடு புதிய பாவின் முனைகளை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கியே பிணைப்பர். ஆயிரக்கணக்கான ஒற்றை இழைகள் அவ்வாறு நிற்கையில், ஓரிழைக்கு நாம் அஞ்சுவானேன்?

அப்பெண் சொன்ன முதல் வழி, நூல்முனையை அடிப்புறத்தே ஓரங்குலம் விட்டு, விரலால் பிடித்துக்கொண்டு, முதல் ஐந்தாறு தையல்களை அதன்மேலேயே இட்டு அமுக்குவது. அகன்ற பரப்பை நிரப்புவார்க்கு இதனினும் சிறந்தது இல்லை என்பது எம் கருத்து. ஆயின் எம் விண்மீனோ ஐந்து கட்ட அகலமே உடையது. ஓரங்குல வாலை மறைக்க அதற்குப் பரப்பு இல்லை.

எனவே ஊசிமுனைத் தையல் என யாம் பெயரிட்டுக்கொண்ட வழியே கைகொடுத்தது. முதற் பெருக்கற்குறி வரவேண்டிய கட்டத்தின் நட்டநடுவில் ஊசியை மேலிருந்து கீழே இறக்கி, அரை அங்குல வாலை மேலே விடுக. அக்கட்டத்திற்குள்ளேயே துணியின் ஓரிழையை மட்டும் தாண்டி மேலே வாங்கி, முன் இறக்கிய இடத்திலேயே, தைத்த நூலையும் பிளந்துகொண்டு மீண்டும் இறக்குக. மற்றொரு முறையும் அவ்வாறே செய்க. பின் மெல்ல இழுத்துப் பார்த்தால் நூல் அசையாது. மேலே நிற்கும் வாலைத் துணியோடு ஒட்ட நறுக்கிவிட்டு, கட்டத்தின் மூலையிலிருந்து பெருக்கற்குறியை இட்டால், அச்சிறு தையல் அதன் கீழே மறைந்துபோம். குறுக்குத் தையலுக்கு வழக்கமாகக் கொள்ளும் மழுங்கிய ஊசி இத்தொடக்கத்திற்கு உதவாது; கட்டத்தைத் துளைக்கக் கூரிய ஊசியே வேண்டும்.

கணக்கும் இசைந்தது. வாலுக்கு அரை அங்குலம், விண்மீனுக்கு மூன்று, முடிக்குங்கால் அடித்தையல்களுள் நுழைத்து அறுக்க ஒன்று. இரண்டு விண்மீனுக்கு ஒன்பது அங்குலம் போக, மூன்று அங்குலம் ஊசியைக் கையாள எஞ்சும். அம்மூன்றும் இல்லையேல் கடைசித் தையல்களில் ஊசி திரும்பாது.

இதை எழுதும் நாளில் பத்து விண்மீன்கள் முடிந்துள்ளன. ஓரிழை எஞ்சியிருக்கின்றது. வரும் வாரம் தமக்கையார்க்கு இரவுப்பணி. பகலில் உறங்கி எழுந்தபின் ஊசியை எடுக்கக் கண் இடந்தருமோ அறியோம்.